ஜப்பான் பெட்டிக்கடை

சர்வர் வேலைக்குக் கையும் காலும் இருந்தால் போதும் என்று நம்பித்தான் நாமெல்லாம் விமானம் ஏறினோம்; ஆனால் முதலில் தேய்ந்தது வாய்தான். "வாங்க சார், என்ன சாப்பிடுறீங்க?" என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு திருச்சியில் பிழைப்பை ஓட்டியவன் நான். குவைத்துக்குப் போன பிறகு முதலாளியிடம் அரபி, பாத்திரம் கழுவுகிறவர்களிடம் இந்தி, மாணவர்களிடம் இங்கிலீஷ், போதாக்குறைக்கு வாசலில் ஜப்பான் பாஷை. எந்தப் பாஷையிலும் "கால் வலிக்கிறது" என்று சொல்ல இடமில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், சக தட்டுத் தூக்கிகளே.

எண்பதுகளின் நடுவில் பல்கலைக்கழகத்துக்கு எதிர்ச் சாலையில் இருந்தது எங்கள் கடை. ஜப்பான்காரர்கள் பெந்தோ என்கிற பெட்டிச் சாப்பாடு. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகு, மிளகு இருக்கிற இடத்தில் சோறு, மீன், காய், ஊறவைத்த முள்ளங்கி என்று வைத்து மூடிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதேதான். பெட்டியில் போட்டு விற்கிற கடை என்பதால் நாங்கள் அதற்குப் பெட்டிக்கடை என்று பெயர் வைத்தோம். ஊரில் என் மாமியார் இதைக் கேள்விப்பட்டுச் சொன்னது: "பெட்டிக்கடையில நிக்கிறதுக்கு எதுக்கு மாப்பிள்ளை கடல் தாண்டணும்? நம்ம தெருமுனையிலயே ஒண்ணு காலியா கிடக்கே!"

வாய்ப்பாடு

மேனேஜர் பெயர் மொரிதா. மரியாதைக்கு மொரிதா-சான் என்று சொல்ல வேண்டும். சிரிக்கவே தெரியாத மனிதர். அடுப்பில் சிவம் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் எண்பத்து மூன்று ஜூலையில் அவருடைய வீட்டை எரித்துவிட்டார்கள். மனைவியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு இங்கே வந்து ஜப்பான் சோறு வடித்துக்கொண்டிருந்தார். கடையில் பரிமாறுவதும், பெட்டிகளை வேனில் ஏற்றி ஜப்பான் இன்ஜினியர்களின் கேம்ப்புக்குக் கொண்டு போய்க் கொடுப்பதும் என் டூட்டி.

முதல் வாரம் மொரிதா-சான் எங்களை வரிசையாக நிறுத்தி வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். யார் உள்ளே வந்தாலும் "இரஷ்ஷாய்மாசே" என்று கத்த வேண்டும். நான் வேனை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது "இத்தெகிமாஸ்" என்று சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர்கள் "இத்தெராஷாய்" என்று பதில் சொல்ல வேண்டும். அர்த்தம் கேட்டேன். "முதலாவது, நான் போய்விட்டு வருகிறேன். இரண்டாவது, போய்விட்டு வா" என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க ஊர்லயும் இதேதான்! வெறுமனே போறேன்னு சொன்னா எங்கம்மா வாயிலயே போடுவாங்க" என்றேன். ஏன் அப்படி என்று கேட்டார். போகிறேன் என்றால் திரும்ப வராத போக்கு என்று அர்த்தம் என்றேன். மொரிதா-சான் அன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தார். உள்ளேயிருந்து சிவம் அண்ணை எட்டிப் பார்த்துச் சொன்னார்: "போறன் எண்டு சொல்லாத சனம் உலகத்தில இன்னொண்டும் இருக்குது எண்டு இண்டைக்குத்தான் தெரியும், தம்பி."

ஊதுபத்தி

இந்த ஒற்றுமையை நம்பி நான் மோசம் போனேன். ஒருநாள் கேம்ப்பின் பெரிய இன்ஜினியர் கடைக்கே சாப்பிட வந்தார். வயதானவர், முக்கியமான வாடிக்கையாளர். அவர் பெட்டியைக் கொஞ்சம் அலங்காரமாகக் கொண்டு போய் வைப்போமே என்று எனக்கு ஒரு ஆசை. ஊரில் சாமி படத்துக்கு முன்னால் வாழைப்பழத்தில் ஊதுபத்தி குத்தி வைப்போம் இல்லையா, அந்த நினைப்பில் சாப்பிடுகிற குச்சிகள் இரண்டையும் சோற்றின் நடுவில் நட்டுக்குத்தலாக நிறுத்திப் பவ்யமாக வைத்தேன்.

மனிதர் பேயைப் பார்த்தவர் மாதிரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். மொரிதா-சான் ஓடி வந்து குச்சிகளைப் பிடுங்கி, இடுப்பு வரை வளைந்து மன்னிப்புக் கேட்டு, பெட்டியையே குப்பையில் கொட்டினார். அவர்கள் ஊரில் செத்தவர்களுக்குப் படைக்கிற சோற்றில்தான் அப்படிக் குத்தி வைப்பார்களாம். இது எந்த வாய்ப்பாட்டிலும் வரவில்லையே, நான் என்ன கண்டேன்? புதுப் பெட்டியை வைத்துவிட்டு நான் தலையைத் தொங்கப் போட்டு நின்றபோது இன்ஜினியர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கொடு."

சாகே

ஜப்பான் சமையலில் பாதி ருசி சாகே என்கிற அரிசி மதுவில் இருக்கிறது. குவைத்தில் மது வாசனை பட்டாலே ஜெயில். அதனால் சிவம் அண்ணை சர்க்கரை, வினிகர், திராட்சை ஜூஸ் எல்லாவற்றையும் காய்ச்சி ஏதோ ஒரு குழம்பு தயாரித்தார். மொரிதா-சான் அதை நாக்கில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மே மாதம் சமையலறையில் ஏ.சி. கிடையாது, பல்கலைக்கழகத்தில் பரீட்சை நேரம் வேறு, கூட்டம் அம்முகிறது. சாகே இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று ஒரு மாணவன் விளையாட்டாகக் கேட்டதை நான் உள்ளே போய்ச் சொன்னேன். அண்ணை கரண்டியைக் கூடக் கீழே வைக்கவில்லை: "சாகே இல்லாட்டிப் போகட்டும் தம்பி, இங்க சாகிறதுக்கே நேரமில்லை."

ஐயோ சாமி

குடும்பங்களுக்கென்று பலகைத் தட்டி வைத்து மறைத்த ஒரு பகுதி கடையில் இருந்தது. அதன் மூலை மேசைக்குப் பகலில் ஒரு வேலைக்காரப் பெண் குழந்தையோடு வந்து உட்காருவாள். அவளுடைய மேடம் கல்யாணமான மாணவி. வகுப்பு முடிகிற வரை குழந்தையை ஏ.சி.யில் வைத்துக்கொள் என்று இங்கே விட்டுவிட்டுப் போவாள். முடிந்ததும் வந்து பெட்டி வாங்கிச் சாப்பிடுவாள். குழந்தைக்கு ஊட்டுவாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் கிடையாது. அவள் எதிர் நாற்காலியில் மேடத்தின் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மேடம் அவளை மேரி என்று கூப்பிடுவதால் கோவாவோ, பிலிப்பைன்ஸோ என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

ஒருநாள் குழந்தை சூப் கிண்ணத்தை இழுத்து அவள் கையில் கொட்டிவிட்டது. "ஐயோ சாமி!" என்று அலறினாள். நான் தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். "தமிழாம்மா நீ?" என்றதும் அவளுக்குக் கை எரிச்சல் மறந்துவிட்டது. இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டம். பெயர் மாரியாயி, வாயில் நுழையவில்லை என்று வீட்டில் மேரி ஆக்கிவிட்டார்களாம். வீட்டுக்குள் தமிழ் பேச ஆளில்லை, வெளியே விட மாட்டார்கள். ஐஸ் கட்டி கொண்டுவந்து கொடுத்தேன். அதை வைத்துக்கொள்ளாமல் என் முகத்தையே பார்த்தாள்: "அண்ணே, எம்பேர இன்னொருக்கா சொல்லுங்களேன்."

பிள்ளைப் பெட்டி

அன்றிலிருந்து சிவம் அண்ணை மூலை மேசைக்கு இலவசமாக ஒரு 'பிள்ளைப் பெட்டி' அனுப்ப ஆரம்பித்தார். மேடம் வருவதற்கு முன்னால் பெட்டி அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மேலே பார்த்தால் சின்னப் பிள்ளைக்கான சோற்று உருண்டை. கீழே பருப்பு, பொரித்த மீன், தேங்காய்ச் சம்பல். மாரியாயி குழந்தைக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று கையால் பிசைந்து சாப்பிடுவாள். நான் தட்டி ஓரமாக நின்று வாசலைப் பார்த்துக்கொள்வேன். மொரிதா-சான் ஒருநாள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டார். போச்சு, வேலை காலி என்று நினைத்தேன். சம்பலில் ஒரு துளி எடுத்து நக்கினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூடியை மூடி, தானே கொண்டு போய் மூலை மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

குழந்தைதான் எங்களைக் காட்டிக் கொடுக்கப் பார்த்தது. அவள் அதை ராசா என்று கூப்பிடுவாள். ஒருநாள் மேடம் வந்து உட்கார்ந்ததும் பயல் பெட்டியைக் கையால் தட்டி, "சோறு! சோறு தா!" என்று கத்தினான். மாரியாயி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் மேடத்தின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு! பக்கத்து மேசைத் தோழிகள் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "பார்த்தீர்களா, என் மகன் ஜப்பான் பாஷை பேசுகிறான்!"

இஸ்திரிப் பெட்டி

அந்த மேடம் கெட்டவள் என்று நான் சொல்ல மாட்டேன். பார்க்காதவள், அவ்வளவுதான். அடிக்கிறவள் வீட்டிலிருக்கிற பெரிய மேடம், மாமியார். மாரியாயி எப்போதும் சட்டைக் கையை விரல் வரை இழுத்து விட்டிருப்பாள். குழந்தை பிடித்து இழுத்தபோது ஒருநாள் மேலே ஏறிவிட்டது. முழங்கைக்குக் கீழே முக்கோணமாக ஒரு தழும்பு. பக்கத்தில் இன்னொன்று, இன்னும் ஆறாதது. இஸ்திரிப் பெட்டியின் முனை. சட்டையில் ஒரு மடிப்பு சரியில்லையாம். எனக்கு ரத்தம் கொதித்தது. நல்ல குடும்பங்களும் அந்த ஊரில் உண்டு. என் ரூம்காரன் வேலை பார்த்த வீட்டில் அவனையும் உட்கார வைத்துத்தான் சாப்பிடுவார்கள். ஒருத்திக்கு வாய்த்த வீடு இப்படி.

ஒப்பந்தத்தில் பேசிய காலம் முடிந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது, பாஸ்போர்ட் பெரிய மேடத்தின் பீரோவில், கேட்டால் அடி. ஊரில் தங்கச்சியிடம் விட்டுவந்த ஒரு மகள். ஊருக்குப் போக வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியது. வேறு எதுவும் அவள் எங்களிடம் கேட்டதில்லை. அவள் தழும்பை மூடிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "நாய்க்குக்கூட வாசக் கதவ தொறந்துதான் வச்சிருக்காங்கண்ணே."

வேன்

சிவம் அண்ணைதான் திட்டம் போட்டார். மேடம் வகுப்பில் இருக்கும்போது மாரியாயியை வேனில் ஏற்றி அவள் நாட்டுத் தூதரகத்தில் இறக்கிவிடுவது. அங்கே அடைக்கலம் கேட்டால் பாஸ்போர்ட் இல்லாமலும் அனுப்பி வைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். குழந்தையைத் தான் பார்த்துக்கொள்வதாக அண்ணை சொன்னார். மாட்டினால் எங்களுக்கும் கலாஸ். விசா கொடுத்துக் கூப்பிட்ட கஃபீல் எங்களை அடுத்த விமானத்திலேயே ஏற்றிவிடுவார். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பின்பக்கக் கதவில் வேனை நிறுத்தி என்ஜினை ஓட விட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் பயல் அவள் மடியில் படுத்து, அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான். "எழுந்திரும்மா, யல்லா, நேரமில்ல!" என்றேன். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "உன் சொந்தப் பிள்ளைய நெனச்சுப் பாரு!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினேன். அவ்வளவு கோபம் எனக்கு. சிவம் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு வந்து குழந்தையை வாங்கக் கையை நீட்டினார். மாரியாயி தலையை ஆட்டினாள்: "ராசா முழிச்சா என்னையத்தானுங்களே தேடும்."

கேசரி

அதற்குப் பிறகு மேடத்துக்குப் படிப்பு விடுமுறை; சில வாரம் அவர்கள் வரவில்லை. கடைசிப் பரீட்சையன்றுதான் வந்தார்கள். மாரியாயி பாதியாக இளைத்திருந்தாள். அன்றைக்குக் கடையில் நிற்க இடமில்லை, என்னால் தட்டிப் பக்கம் போகவே முடியவில்லை. மேடம் சாப்பிட்டு முடித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போன பிறகு, புத்தகங்களை எடுக்கிற சாக்கில் மாரியாயி பின்தங்கினாள். எப்போதும் "போய்ட்டு வர்றேங்கண்ணே" என்பவள் அன்றைக்கு, "போறேங்கண்ணே" என்றாள்.

என் கை நிறையப் பெட்டிகள். பழக்கதோஷத்தில், "போறேன்னு சொல்லாத, போய்ட்டு வர்றேன்னு சொல்லு" என்றேன். அவள் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "திரும்பி வர்றதுக்கு இங்க என்னங்கண்ணே இருக்கு? போறேன்" என்றாள். உள்ளே பார்த்து, "அண்ணைகிட்டயும் சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டாள்.

எனக்கு மண்டையில் பளிச்சென்றது. அடடா, விட்டுவிட்டார்கள்! ஊருக்கு அனுப்புகிறார்கள்! இந்த ஊரிலிருந்து விடுதலையாகிப் போகிறவள் எதற்குப் போய்ட்டு வர்றேன் என்று சொல்ல வேண்டும்? உள்ளே ஓடிப் போய் அண்ணையிடம் சொன்னேன். மனிதர் அடுப்பை அணைக்காமலே என்னைக் கட்டிப் பிடித்தார். அன்று மாலை ரவை வாங்கி வந்து கேசரி கிளறினார். மொரிதா-சானுக்கும் பெட்டியின் ஒரு கட்டத்தில் வைத்துக் கொடுத்தோம். ஊருக்குப் போகிறவர்களுக்கு நாம் பெட்டி கட்டிக் கொடுப்போமே, அதே மாதிரி ஒரு அட்டைப் பெட்டியில் சோப்பு, பால்பவுடர், அவள் மகளுக்குக் கண்ணை மூடித் திறக்கிற பொம்மை எல்லாம் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினோம். மேல் மூடியில் மாரியாயி என்று அண்ணை முழுப் பெயரையும் பெரிதாக எழுதினார். எழுதிவிட்டு என்னிடம் சொன்னார்: "போறன் எண்ட சொல்லுக்கு ஒரு நல்ல அர்த்தமும் இருக்குது பார், தம்பி."

பாஸ்போர்ட்

அந்த வீட்டு டிரைவர் மலையாளி. மேடத்துக்குப் பார்சல் வாங்க அவ்வப்போது வருவான். அடுத்த வாரம் வந்தபோது கட்டி வைத்த பெட்டியை அவன் முன்னால் தூக்கி வைத்து, "மேரி என்றைக்குக் கிளம்புகிறாள்? இதை எப்படியாவது அவளிடம் சேர்த்துவிடு" என்றேன். அவன் பெட்டியைத் தொடவில்லை. மொட்டை மாடியில் துணி காயப் போடப் போனாளாம். கீழே கிடந்தாளாம். கால் தவறியது என்று போலீஸில் எழுதியாகிவிட்டது. தவறி விழுந்தாளா, தள்ளினார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் என்னிடம் அவள் சொல்லிவிட்டுப் போனது என்ன என்று அந்த நிமிடம் தெரிந்தது. எங்களிடம் வந்து விடைபெற்ற மறுநாள் காலையில் நடந்திருக்கிறது. நாங்கள் கேசரி தின்றோம்.

சிவம் அண்ணை அடுப்படியிலிருந்து வந்து நின்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. வீடு எரிந்த கதையைச் சொன்னபோதுகூடக் கண் கலங்கவில்லை. அன்றைக்குக் கல்லாப் பக்கம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மாணவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். குழந்தை சோறும் தின்னாமல் வீடு முழுக்க அவளைத் தேடுகிறதாம். அவள் உடலை ஊருக்கு அனுப்புகிறார்களா என்று டிரைவரிடம் கேட்டேன். அனுப்புகிறார்கள், எல்லாம் சரியாகிவிட்டது, நாளைக்கு விமானம் என்றான். எங்கள் அட்டைப் பெட்டியையும் கூட வைக்கலாமா என்றதற்கு, அந்தப் பெட்டியோடு வேறு பெட்டி போகாது என்றான். வாசல் வரை போனவன் திரும்பிச் சொன்னான்: "பாஸ்போர்ட்டு இப்போ கிட்டி, சேட்டா."

மூலை மேசை

மறுநாள் பகலில் மொரிதா-சான் அடுப்படிக்குள் வந்து ஒரு பெட்டி கேட்டார். சோறு, பருப்பு, பொரித்த மீன், சம்பல். சம்பலைத் தன் கையாலேயே வைத்தார். மூலை மேசையில் அவள் உட்காருகிற நாற்காலிக்கு நேராக வைத்து, இரண்டு குச்சிகளையும் எடுத்தார். என்னைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார். எனக்குப் புரிந்தது. சோற்றின் நடுவில் நட்டுக்குத்தலாக நிறுத்தினேன். ஒன்று சாய்ந்தது. அவர் பிடித்து நேராக்கினார். சிவம் அண்ணை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டபடி நின்றார்.

அன்றைக்குப் பார்த்து அந்தப் பெரிய இன்ஜினியர் சாப்பிட வந்தார். அவர் தட்டிக்குப் பின்னால் குச்சிகளைப் பார்த்துவிட்டார். இந்த முறை பின்வாங்கவில்லை. தொப்பியைக் கழற்றி, அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து வளைந்து வணங்கினார். இறந்தது யார், உறவா என்று மொரிதா-சானிடம் கேட்டார். அந்தக் கடையில் ஒரு நாளும் ஒரு வாய் தண்ணீர்கூடத் தன் பெயரில் கேட்டு வாங்க முடியாதவளைப் பற்றி மொரிதா-சான் எங்களுக்கும் புரிய வேண்டும் என்று இங்கிலீஷில் பதில் சொன்னார்: "எங்கள் வாடிக்கையாளர்."

ஆகவே, சக தட்டுத் தூக்கிகளே, எத்தனை பாஷை கற்றுக்கொண்டாலும் சரி, கை நிறையத் தட்டு இருந்தாலும் சரி, "போய்ட்டு வர்றேன்" என்பவரை வழியனுப்பி வையுங்கள், "போறேன்" என்பவரிடம் மட்டும் இலக்கணம் திருத்தாமல் எங்கே என்று கேளுங்கள்.